டேங்க் நிறைந்தால் முள் இறங்குகிறது: நுகர்வோர் கேள்வி-பதில்

கோல்ஃப் ஆடுகிறவர்கள் எத்தனை பேரோ தெரியாது, கோல்ஃப் கார்ட் (கோல்ஃப் மைதானத்தில் ஓட்டும் சின்னத் திறந்த வண்டி) வைத்திருப்பவர்கள் நம் பக்கம் கூடிக்கொண்டே போகிறார்கள். மாந்தோப்பு, கல்யாண மண்டபம், தோல் தொழிற்சாலை என்று எங்கெங்கோ ஓடுகின்றன. எல்லாம் யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டிகள். இந்த முறை அந்த வண்டிகளின் பெட்ரோல், பேட்டரி மீட்டர் பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். வழக்கம்போலச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் பெங்களூருவில் வாங்கிய பழைய பெட்ரோல் கோல்ஃப் கார்ட் ஓடுகிறது. டேஷ்போர்டில் பெட்ரோல் மீட்டரே கிடையாது. காய் ஏற்றிக்கொண்டு வரும்போது பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீட்டர் வைக்க முடியுமா, எவ்வளவு ஆகும்? (வாசகர், குடியாத்தம்)

பதில்: முடியும். ஆனால் கடைக்குப் போய் முதலில் மீட்டரைக் கேட்காதீர்கள். சீட்டைத் தூக்கி டேங்கைப் பாருங்கள். செலவு எவ்வளவு என்பதை அதுதான் சொல்லும்.

பழைய பெட்ரோல் கார்ட்டுகள் பலவற்றில் டேஷ்போர்டு மீட்டர் கம்பெனியிலிருந்தே வராது. டேங்கின் தலையில் ஒரு சின்ன மிதவை மீட்டர் இருக்கும், இல்லாவிட்டால் அதுவும் இருக்காது. டேங்கின் மேல்பக்கம் வட்டமாக ஐந்து ஸ்குரூ போட்ட மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதைக் கழற்றிவிட்டு அங்கே டேங்க் யூனிட்டை இறக்கலாம். டேங்க் யூனிட் என்றால் ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பி, கம்பி அசைய அசைய மின்தடை மாறும் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். டேஷ்போர்டில் முள் காட்டுவது அந்த மின்தடையைத்தான்.

அந்த ஐந்து ஸ்குரூ மூடி இல்லாத டேங்க் என்றால் துளை போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். காலி டேங்க் என்று நினைத்துத்தான் துளை போடுவார்கள். அதற்குள் நிற்கும் ஆவி திரவப் பெட்ரோலைவிடப் பொல்லாதது. ஐந்து ஸ்குரூ மூடியோடு வரும் டேங்காகவே மாற்றுங்கள். அந்தச் செலவு வேண்டாம் என்றால், பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியிலேயே மிதவை தொங்கும் மீட்டர் கிடைக்கிறது. வயரே வேண்டாம். என்ன, ஒவ்வொரு தடவையும் சீட்டைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

டேங்க் யூனிட் வாங்கும் முன் டேங்கின் ஆழத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கம்பி நீளமாகிவிட்டால் மிதவை டேங்கின் அடியில் இடிக்கும், குட்டையாகிவிட்டால் கால் டேங்க் இருக்கும்போதே காலி என்று காட்டும். வாங்கியதும் பொருத்திவிடாமல், மல்டிமீட்டரை (மின்தடையை ஓம் கணக்கில் அளக்கும் கருவி) வைத்து மிதவையைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். அமெரிக்க அளவு யூனிட் என்றால் காலியில் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். நடுவில் எண் துள்ளாமல் இறங்க வேண்டும். துள்ளினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வயரிங்கில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கார் டேங்க் இரும்பு, அதனால் எர்த் தானாகக் கிடைத்துவிடும். கார்ட்டின் டேங்க் பெரும்பாலும் பிளாஸ்டிக். யூனிட்டின் தலையிலிருந்து சேசிஸுக்கு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு, தனியாக ஒரு எர்த் வயர் இழுக்காவிட்டால் முள் அசையவே அசையாது. வேலூரில் ஆட்டோ எலக்ட்ரீஷியன்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கார் பழக்கத்தில் இதை விட்டுவிடுவார்கள். பக்கத்தில் நின்று கேளுங்கள். மீட்டருக்குப் போகும் 12 வோல்ட், சாவி சுவிட்சுக்குப் பிறகு, ஒரு சின்ன ஃபியூஸ் வழியாகப் போகட்டும். அந்த 12 வோல்ட் எக்காரணம் கொண்டும் நேராக டேங்க் யூனிட்டுக்குப் போகக் கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். அக்னி நட்சத்திர மத்தியானத்தில் டேங்கைத் திறக்க வேண்டாம், விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். டேங்க் மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்காது. முள் பாதியில் நின்றால் பெட்ரோலும் பாதி இருக்கும் என்று நம்பி மறுபடியும் தோப்பில் நிற்காதீர்கள்.

கேள்வி: எங்கள் அமெரிக்க கார்ட்டில் டேங்க் யூனிட் முன்பே இருந்தது. ஆன்லைனில் 'எல்லா 12 வோல்ட் வண்டிக்கும் பொருந்தும்' என்று போட்டிருந்த மீட்டரை வாங்கி மாட்டினேன். டேங்க் நிறைய ஊற்றினால் முள் கீழே இறங்குகிறது, பெட்ரோல் தீரத் தீர மேலே ஏறுகிறது! 'பொருத்திவிட்டீர்கள், திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார் விற்றவர். (வாசகர், சத்துவாச்சாரி)

பதில்: மீட்டரும் கெடவில்லை, யூனிட்டும் கெடவில்லை. இரண்டுக்கும் ஜாதகம் பொருந்தவில்லை. உங்கள் டேங்கில் இருப்பது 240-லிருந்து 33-க்கு இறங்கும் அமெரிக்க வகை. வாங்கிய மீட்டர், காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம் எதிர்பார்க்கும் ஐரோப்பிய வகையாக இருக்க வேண்டும். நிறைந்த டேங்க் அனுப்பும் 33 ஓம் அதற்குக் கிட்டத்தட்டக் காலி. காலி டேங்க் அனுப்பும் 240 ஓம் அதற்கு நிரம்பி வழிகிறது. ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒன்று மீட்டரை மாற்ற வேண்டும், அல்லது யூனிட்டை.

இந்த 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' வியாபாரத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லா மிக்சி ஜாருக்கும் பொருந்தும் என்று லாங்கு பஜாரில் ஒரு மூடி வாங்கினேன். எங்கள் வீட்டில் இருக்கும் மூன்று ஜாரில் ஒன்றுக்கும் பொருந்தவில்லை, ஊறுகாய் ஜாடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லா டிவிக்கும் என்று ஒரு ரிமோட் வாங்கினேன். சத்தத்தைக் கூட்டும், குறைக்காது. போகட்டும், அவை இருநூறு முந்நூறு சமாசாரம். பெட்ரோல் மீட்டரில் இந்த விளையாட்டு ஆகாது. பொருத்தம் என்பது வட்டத்தின் அளவில் இல்லை, ஓமில் இருக்கிறது. அந்த எண்ணை அட்டைப்பெட்டியில் அச்சடிக்க ஒரு வரி இடம் போதும். வேண்டுமென்றுதான் விடுகிறார்கள். போட்டால், தனக்கு எது பொருந்தாது என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிடுமே! பின்னால் ஒளிரும் நீல விளக்கைப் பற்றி நான்கு வரி, குரோமிய வளையத்தைப் பற்றி மூன்று வரி, ஓம் பற்றி ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

சரி, உங்கள் பணம். பொருத்திவிட்டால் போச்சு என்று சட்டத்தில் இல்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லாவிட்டால் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 'எல்லா வண்டிக்கும்' என்ற அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: எங்கள் மண்டபத்து பேட்டரி காருக்கு 48 வோல்ட். அழகாக இருக்கிறதே என்று ஒரு 12 வோல்ட் பெட்ரோல் மீட்டரை வாங்கி மாட்டச் சொன்னேன். சாவியைத் திருப்பியதும் புகை. கடைக்காரர் மீது புகார் கொடுக்கலாமா? (வாசகர், ஆற்காடு)

பதில்: பேட்டரி வண்டியில் பெட்ரோல் மீட்டர் எதை அளக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? 12 வோல்ட் என்று பெட்டியிலேயே போட்டிருந்ததாக உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரரை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது 48 வோல்ட் என்று அச்சிட்ட பேட்டரி சார்ஜ் மீட்டர். 36 வோல்ட்டுக்கு வேறு இருக்கிறது, அதையும் வாங்கிவந்து விடாதீர்கள்.

கேள்வி: டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தால் போதாதா? (வாசகர், பேரணாம்பட்டு)

பதில்: தாராளமாகப் போதும். குச்சி காய்ந்ததாக, சுத்தமாக இருக்கட்டும், வாயில் பீடி இல்லாமல் இருக்கட்டும்.

கேள்வி: ஏலகிரியில் சின்ன விடுதி நடத்துகிறோம். கார்ட்டின் பழைய ஆசிட் பேட்டரிகளை எடுத்துவிட்டு லித்தியம் போட்டோம். அதன் பிறகு மீட்டர் நாள் முழுக்க நிறைவாகவே காட்டுகிறது, திடீரென்று ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது. பேட்டரி விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகர், ஏலகிரி)

பதில்: பேட்டரியில் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான் அவர் குற்றம். உங்கள் பழைய மீட்டர் வோல்ட்டேஜைப் பார்த்துச் சொல்வது. ஆசிட் பேட்டரியில் சார்ஜ் குறையக் குறைய வோல்ட்டேஜும் படிப்படியாக இறங்கும், மீட்டருக்கும் வேலை இருந்தது. லித்தியம் கடைசி வரை ஏறக்குறைய ஒரே வோல்ட்டேஜில் நின்று, முடியும்போது சடாரென்று விழும். போகும் வரும் மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கும் ஷண்ட் வகை மீட்டர் வேண்டும். பேட்டரியோடு டிஸ்பிளே வருமா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். லித்தியத்துக்குக் கொடுத்த பணத்தில் அதைச் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும். என் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஐந்து பச்சை விளக்கு உண்டு. மின்சாரம் இருக்கும்போது ஐந்தும் எரியும், போனதும் ஐந்தும் சேர்ந்து அணையும். அதற்குத் தனியாக விலை வாங்கினார்கள்.

கேள்வி: முழங்கால் வலியால் நடக்க முடியாத அம்மா, தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கட்டும் என்று சென்னையில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் பெட்ரோல் கார்ட் வாங்கினேன். பார்க்கும்போது முள் நிறைவில் நின்றது. 'டேங்க் ஃபுல், மீட்டர் பக்கா' என்று வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார். வீட்டுக்கு வந்த மறுநாள், தோட்டத்தின் கோடியில் அம்மாவோடு வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் பார்த்தால், டேங்க் யூனிட்டின் வயரைப் பிடுங்கி சேசிஸில் முடுக்கியிருக்கிறார்கள். பில் தரவில்லை. பணம் மட்டும் ஜிபேயில் போனது. (வாசகர், வாலாஜா)

பதில்: அம்மாவை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள் என்று எழுதவில்லை, நாற்காலியில் வைத்துத் தூக்கியிருப்பீர்கள். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை அச்சில் போட முடியாது. இது பழுது இல்லை, திட்டமிட்ட வேலை. அமெரிக்க வகை மீட்டரில், டேங்க் யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் சிக்னல் வயரை எர்த்தில் தொட்டால் முள் நிறைவுக்குப் போய் அங்கேயே நிற்கும். அது தெரிந்த கைதான் முடுக்கியிருக்கிறது.

அந்த வயரைக் கழற்றிச் சரிசெய்யும் முன் படம் எடுங்கள், வீடியோவும் எடுங்கள். மெக்கானிக்கிடம் அவர் கண்டதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். பணம் போன பதிவும் அந்த வாட்ஸ்அப் வரியும் சேர்ந்தால் வலுவான சான்று. அந்த போனை மாற்றாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் சென்னையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்துக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு கெடு. வக்கீல் கட்டாயமில்லை. அவர் வண்டி வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்கிறவர் என்பது உங்களுக்குச் சாதகம். தன் சொந்த வண்டியை ஒருமுறை விற்ற தனிமனிதர் என்றால் இந்த வழி அவ்வளவு எளிதாகத் திறக்காது. அவர் கடைப் பலகையையும் விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகிற மற்றவர்களுக்கு: சாவியைப் போட்டுவிட்டு டேங்க் யூனிட்டின் சிக்னல் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். அமெரிக்க வகை மீட்டர் என்றால், நிறைவிலோ நடுவிலோ நின்ற முள் காலிக்கு நகர வேண்டும். நகரவில்லை என்றால் அந்த மீட்டர் சும்மா இருக்கிறது. வயரைத் தொட விடமாட்டேன் என்று வியாபாரி சொன்னால் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கோல்ஃப் கார்ட்டை காட்பாடியிலிருந்து ஸ்ரீபுரம் வரை ஓட்டிக்கொண்டு போகலாமா? பெட்ரோல் போதுமா? (வாசகர், காட்பாடி)

பதில்: பெட்ரோல் போதும், பதிவு எண் எங்கே? பஸ்ஸில் போங்கள்.

கேள்வி: புது டேங்க் யூனிட் போட்ட பிறகு மீட்டர் சரியாகக் காட்டுகிறது. ஆனால் வெயிலில் நிறுத்தினால் சீட்டுக்கு அடியிலிருந்து பெட்ரோல் வாசனை வருகிறது. பழகிவிடும் என்கிறார் மெக்கானிக். (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: உங்களுக்கு வாசனை பழகும், தீப்பொறிக்குப் பழகாது. சீட்டுக்கு அடியில்தான் ஸ்டார்ட்டரும் பேட்டரியும் இருக்கின்றன. வண்டியை இன்றே திறந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துங்கள், சரிசெய்யும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பெரும்பாலும் யூனிட்டுக்கு அடியில் கசியாமல் இருக்க வைத்த வளையம், அந்த கேஸ்கட்தான் காரணம். பழைய கார்க் கேஸ்கட்டையே திரும்ப வைத்திருப்பார்கள், அல்லது ஏதோ ஒரு ரப்பரை வெட்டி வைத்திருப்பார்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், சாதாரண ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். எத்தனால் தாங்கும் கேஸ்கட் என்று கேட்டு வாங்குங்கள். ஐந்து ஸ்குரூவையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒன்றை ஒரேயடியாக முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். வண்டி பழையது என்றால் டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். வேலையை அதே மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டாம்.