என்ன படிக்கலாம்? கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

சமீபத்தில் படித்தவற்றில் எதைப் பரிந்துரைப்பேன் என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். கேள்விகளைச் சுருக்கிப் பதில் சொல்கிறேன். என் ரசனை ஒருபக்கமாகச் சாய்ந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாவலில் ஆட்கள் பேசுவது காதில் விழ வேண்டும். விழாவிட்டால் கதை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எனக்கு ஒட்டாது.

சார், படிக்கும் பழக்கமே விட்டுப்போச்சு. திரும்பத் தொடங்க ஒரு நாவல் சொல்லுங்க.

பூமணியின் 'வெக்கை'. 1982இல் வந்தது. சின்ன நாவல். அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போகிறான் சிதம்பரம் என்ற பையன். ஆள் செத்தே போகிறான். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிகிறார்கள். 'அசுரன்' படம் இதிலிருந்துதான் வந்தது, ஆனால் படம் பார்த்துவிட்டேன் என்று நாவலை ஒதுக்காதீர்கள். இதில் சண்டை கொஞ்சம்தான். இருவரும் அடுப்புக் கூட்டுவதும், கிடைத்ததைச் சமைத்துத் தின்பதும், படுக்க இடம் பார்ப்பதும்தான் நிறைய. கொலை செய்துவிட்டு வந்த மகனிடம் அந்த அப்பன் பேசும் தொனியைக் கவனியுங்கள். அறிவுரையும் கிடையாது, அழுகையும் கிடையாது. கரிசல் வழக்கு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் இடறும், அப்புறம் பழகிவிடும்.

'புயலிலே ஒரு தோணி'யை இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். எல்லாரும் ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

நீங்கள் மட்டும் இல்லை, பாதிப் பேர் அப்படித்தான். ப. சிங்காரம் எழுதியதே இரண்டு நாவல்கள். முதலில் 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். 1959இல் வந்தது, கதை நேராகப் போகும். போர்க்கால மலேயா, நேதாஜியின் படை, வட்டித்தொழில் செய்யும் செட்டியார் கடை எல்லாம் அதிலேயே பழக்கமாகிவிடும். பிறகு 1972இல் வந்த 'தோணி'க்குப் போங்கள்.

அதைப் படிக்கும்போது கதை எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். நாயகன் பாண்டியனும் நண்பர்களும் மது விடுதியில் உட்கார்ந்து பழைய இலக்கியத்தையும் தமிழர் பெருமையையும் கிண்டலடிக்கும் பேச்சு இருக்கிறதே, அதைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். இந்தோனேசியாவின் மெடான் நகரத் தெருவில் நிற்பவன் நினைப்பு சொந்த ஊரான சின்னமங்கலத்துச் சந்தைக்குத் தாவும் இடங்களும் அப்படித்தான். சந்தை இரைச்சல் வரிக்கு வரி கேட்கும். மூன்றாம் தடவையும் ஓடவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை.

அண்ணா, அழ வைக்கிற மாதிரி ஒன்று?

இமையத்தின் 'செல்லாத பணம்'. சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தீ வைத்துக்கொண்ட ரேவதி தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள், வெளியே குடும்பம் காத்திருக்கிறது. பெரும்பாலும் பேச்சாலேயே நகரும் நாவல். ஒருவரை ஒருவர் குறை சொல்கிறார்கள், சொன்னதையே திரும்பச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே பேச்சு அப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். சில இடங்களில் நீளம் என்று எனக்கும் தோன்றியது. வீட்டில் யாராவது படுத்திருக்கும் சமயம் இதைத் தொடாதீர்கள்.

மொழிபெயர்ப்பு என்றாலே அலுப்பாக இருக்கிறது. நல்லதாக ஏதாவது?

மலையாளத்திலிருந்து தொடங்குங்கள். பஷீரின் 'மதில்கள்' ஒரு மாலைப்பொழுதுக்குப் போதும். சிறையில் ஆண்கள் பகுதிக்கும் பெண்கள் பகுதிக்கும் நடுவே ஒரு மதில். இந்தப் பக்கம் பஷீர், அந்தப் பக்கம் நாராயணி. முகம் பார்த்ததில்லை. தான் வந்திருப்பதற்கு அடையாளமாக அவள் ஒரு காய்ந்த சுள்ளியை மேலே எறிவாள். அது தெரிந்ததும் இவர் ஓடுவார். முடிவைச் சொல்ல மாட்டேன்.

பெரிதாக வேண்டுமென்றால் 'திருடன் மணியன்பிள்ளை'. நிஜத் திருடன் ஒருவன் சொல்ல, ஜி.ஆர். இந்துகோபன் எழுதிய தன்வரலாறு. தமிழில் குளச்சல் யூசுப். இந்த மொழிபெயர்ப்புக்கு அகாதெமி விருதும் கிடைத்தது. திருடன் நம் எதிரே உட்கார்ந்து கதை சொல்வதுபோலவே ஓடுகிறது. அவன் சொல்வதில் எவ்வளவு உண்மை என்ற சந்தேகம் கூடவே வரும், அதுவும் சுவைதான்.

கதை வேண்டாம், வரலாறு?

ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. வ.உ.சி. கைதானதும் 1908 மார்ச் 13 அன்று நெல்லையில் மூண்ட கலகமும் துப்பாக்கிச் சூடும்தான் பொருள். கூட்டத்தில் இருந்த சாதாரண ஆட்களைத் தேடிப் போவதுதான் எனக்குப் பிடித்தது.

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, முழுக்கப் படிக்கணுமா?

முழுக்க வேண்டாம். வாராவாரம் விகடனில் வந்தது, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. அதனால் எங்கிருந்தும் எடுக்கலாம். கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை. சிந்தாமணி, மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். அத்தனை படித்தவருக்கு அந்த இடத்தில் எப்படி இருந்திருக்கும்! 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வந்ததன் தொடக்கம் இந்தப் பேச்சுதான். பிறகு முன்பக்கங்களுக்குத் திரும்பிப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட பகுதிகளைப் படியுங்கள்.

கவிதை?

என்னிடம் கேட்காதீர்கள். ஒரு தொகுப்பை எடுத்தால் வருஷக்கணக்கில் வைத்திருப்பவன் நான்.

பிடிக்காத புத்தகத்தை முடிப்பீர்களா?

ஐம்பது பக்கம். அதற்குள் ஒரு ஆளாவது தன் குரலில் பேசியிருக்க வேண்டும். இல்லையென்றால் மூடிவிடுவேன். விருது வாங்கிய புத்தகத்துக்கும் இதே கணக்குதான்.

அடுத்து என்ன எடுக்கப் போகிறீர்கள்?

பூமணியின் 'அஞ்ஞாடி'. ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் நாவல். 'வெக்கை'யைத் திரும்பப் படித்த சூட்டோடு தொடங்கலாம் என்றிருக்கிறேன். அதை முடிக்கும்வரை புதிதாக எதுவும் கேட்காதீர்கள், ஏற்கெனவே சொன்னதிலேயே உங்களுக்கு வேலை இருக்கிறது.