வாசகர் கேள்வி - பதில்: காப்ஸ்யூல் போட்டும் பால் உறையவில்லையே?

கேள்வி: டாக்டர் எழுதிக்கொடுத்த புரோபயாடிக் (நன்மை தரும் பாக்டீரியா அடங்கிய) காப்ஸ்யூலைப் பிரித்து, வெதுவெதுப்பான பாலில் கலந்து வைத்தேன். பத்து மணி நேரமாகியும் உறையவில்லை. மருந்து வீணாகிவிட்டதா?

பதில்: அட்டையில் ‘லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி’ என்ற பாக்டீரியாவின் பெயர் இருந்தால் மருந்தின் மேல் குற்றமில்லை. பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கும் மரபணுக்கள் இந்த ரகத்தில் பழுதாகிக் கிடக்கின்றன. பால் புரதத்தைச் சிதைப்பதிலும் மந்தம்தான். இரை இல்லாவிட்டால் அமிலம் எங்கிருந்து வரும்? புளிப்பேறி, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4.6-ஐ நெருங்கினால்தானே பால் புரதமான கேசீன் நன்றாக இறுகும்!

சீனி போட்டும் பயனில்லை, சுக்ரோஸையும் இது தொடாது. குளுக்கோஸ் ஆகும்; லிட்டருக்கு 10 கிராம் போடலாம். ஆனால் ஆரஞ்சு சுவை சேர்த்த குளுக்கோஸ் பவுடர் வேண்டாம். அதில் சிட்ரிக் அமிலம் இருந்தால் அதுவே பாலைத் திரித்துவிடும். பாக்டீரியா வளர்ந்துவிட்டதென்று ஏமாந்துபோவீர்கள்.

இதைவிட நல்ல வழி துணை சேர்ப்பது. அரை லிட்டர் பாலைக் காய்ச்சி 40 டிகிரிக்கு ஆறவிட்டு, ஒரு டீஸ்பூன் உறைமோரும் காப்ஸ்யூல் பொடியும் கலந்து மூடிவையுங்கள். தயிரிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியா லாக்டோஸை உடைத்துக் குளுக்கோஸைத் தான் வைத்துக்கொண்டு, கேலக்டோஸைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். கேலக்டோஸ் ஜிஜிக்கு ஏற்ற இரை. ஆனால் அந்தத் தயிரையே மறுநாள் உறையாக ஊற்றினால் ஜிஜி தொடரும் என்று நம்பாதீர்கள். வேகமாக வளரும் தயிர்க் கிருமிகள் அதை ஓரங்கட்டிவிடும்.

புளிக்காமல் பத்து மணி நேரம் கிடந்த அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். கொதியலுக்குத் தப்பும் பாக்டீரியா வித்துகள் அதில் முளைத்திருக்கக்கூடும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் ஐந்து சர்க்கரைகளில் லாக்டோபேசில்லஸை வளர்த்தோம். எல்லாக் குழாயும் கலங்கியது. எது உண்மையான வளர்ச்சி?

பதில்: லாக்டோபேசில்லஸை வளர்க்க வழக்கமாகப் பயன்படும் எம்.ஆர்.எஸ். என்ற ஊட்டக் கரைசலில் (ஊடகத்தில்) 2 சதவீத குளுக்கோஸ் ஏற்கெனவே இருக்கிறது; நீங்கள் சேர்த்த சர்க்கரை எதுவானாலும் அதிலேயே பாக்டீரியா வளர்ந்துவிடும். அதை நீக்கிய ஊடகம் தயாரியுங்கள். அப்போதும் ஈஸ்ட் சாறு, மாட்டிறைச்சிச் சாற்றின் தயவில் கொஞ்சம் கலங்கும். அதனால் சர்க்கரையே இல்லாத குழாய் ஒன்று கட்டாயம் வேண்டும். 600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலை அளக்கும்போது அதன் மதிப்பைக் கழித்துப் பாருங்கள். பழைய வளர்ப்பிலிருந்து குளுக்கோஸ் ஒட்டிவராதபடி செல்களைச் சுழற்றிப் படியவைத்து, உப்புநீரில் இரண்டு முறை கழுவிய பிறகே விதையுங்கள். சர்க்கரையை ஊடகத்தோடு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யாமல் 0.22 மைக்ரான் வடிகட்டியில் தனியே வடித்துச் சேருங்கள். சேர்த்துச் சூடாக்கினால் கரைசல் பழுப்பேறி அளவீடே பிசகும்.