ஐந்தாறு டிஸ்க் எதற்கு?

கேள்வி: எனக்கு 61 வயது. கலிஃபோர்னியாவில், பசடேனாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஹஹமோங்னா பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் ஆட அழைத்துப் போகிறான். தட்டு போன்ற டிஸ்க்கை எறிந்து, தூரத்தில் உள்ள சங்கிலிக் கூடையில் குறைந்த வீச்சுகளில் விழவைக்கும் ஆட்டம். நான் எறிவதெல்லாம் மரத்தில் மோதி விழுகிறது. ஐந்தாறு டிஸ்க் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறான். வாங்கலாமா?
– ஒரு வாசகர்

பதில்: வேண்டாம் சார். மருமகன் பேச்சைக் கேட்டு நான் வாங்கிய டிரைவர் (தொலைதூரம் எறிவதற்கான டிஸ்க்), அதே பூங்காவில் முதல் வீச்சிலேயே ஓக் மரத்தில் மோதி, எனக்குப் பத்தடி பின்னால் வந்து விழுந்தது. டிரைவரின் விளிம்பு மெலிது. வேகமாக எறிந்தால்தான் நேரே போகும். வலக்கையால் வழக்கம்போல் வீசினால், நம் வேகத்துக்கு அது சட்டென்று இடப்பக்கம் சாய்ந்துவிடும். வெட்டவெளியில் பரவாயில்லை, இங்கே இடப்பக்கம் மரம் நிற்கிறதே!

ஒரே ஒரு பட்டர் வாங்குங்கள். வெண்ணெய் இல்லை, தடித்த விளிம்புள்ள டிஸ்க். மெதுவாக, நேராகப் போகும். கூடையைப் பார்த்து எறியாதீர்கள்; இரண்டு மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்து எறியுங்கள். அங்கிருந்து அடுத்த வீச்சு. முழு ஆட்டத்தையும் நான் இதை வைத்தே முடிக்கிறேன்.

கிளையில் மாட்டிக்கொண்டால் ஊர்த் தொரட்டி நினைவு வரும். அவசரம் இல்லை. அதற்கு நேர் கீழே தரையில் நின்று அடுத்த வீச்சை எறியலாம். போட்டியில் முன்கூட்டியே அறிவித்திருந்தால் தவிர, இதற்கு அபராதம் கிடையாது.

புதருக்குள் போனால்தான் ஜாக்கிரதை. மூன்று மூன்று இலையாக இருப்பது பாய்சன் ஓக், தொட்டால் அரிக்கும் செடி. நான் கையை விட்டுத் துழாவி, பத்து நாள் சொறிந்தேன். அதன் எண்ணெய் டிஸ்க்கிலும் ஒட்டும், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அப்புறம், நீங்கள் ஆடுவது சாதாரண இடமில்லை. உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் அது. 1975இல், இந்த ஆட்டத்தின் தந்தை எனப்படும் எட் ஹெட்ரிக் அமைத்தது. அப்போது வெறும் கம்பங்கள்தான். சங்கிலிக் கூடை பிறகு வந்தது. 2002இல் அவர் இறந்ததும், அவர் விருப்பப்படியே சாம்பலைக் கலந்து டிஸ்க் செய்தார்கள். அஸ்தியை ஆற்றில் கரைத்துப் பழகிய எனக்கு இது ஜீரணமாகக் கொஞ்ச நாள் பிடித்தது.

டிஸ்க்கின் அடியில் கைபேசி எண்ணை எழுதி வையுங்கள். என்னுடையது இரண்டு முறை அப்படித்தான் திரும்பி வந்தது. மூன்றாவது முறை எடுத்தவருக்கு அது பிடித்துப் போய்விட்டது போலிருக்கிறது.