நெவ்ஸ்கி கோழையா?

கேள்வி: சுவீடன்காரர்களையும் ஜெர்மானியர்களையும் போரில் வென்ற ரஷ்ய இளவரசர் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி, மங்கோலியர்களிடம் மட்டும் பணிந்துபோய்க் கப்பம் கட்டினாரே, அது கோழைத்தனம்தானே?

பதில்: கோழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 1240-இல் நேவா ஆற்றங்கரையில் சுவீடன் படையை விரட்டியபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. 1242 ஏப்ரலில் பெய்ப்பஸ் ஏரியில் ஜெர்மானியரையும் தோற்கடித்தார். ஆனால் மங்கோலியர் கதையே வேறு. ரியாசான், விளாதிமிர், கீவ் என்று நகரங்கள் எரிந்து கிடந்தன. 1246-இல் மங்கோலியத் தலைவர் படு கானின் முகாமுக்குப் போன செர்னிகோவ் இளவரசர் மிகயீல், அவர்கள் சடங்குக்குப் பணிய மறுத்ததால் அங்கேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு மங்கோலியத் தலைநகரான காரகோரம் போன அலெக்சாண்டரின் தந்தையும் உயிரோடு ஊர் திரும்பவில்லை. இத்தனைக்கும் பிறகு, கானைப் பார்க்க அலெக்சாண்டர் கிளம்பிப் போனாரே, அதற்கும் நெஞ்சுரம் வேண்டும்.

என் கோபம் வடக்கு ரஷ்ய நகரமான நோவ்கோரோத் விஷயத்தில்தான். அந்த நகரத்தை மங்கோலியர் பிடிக்கவே இல்லை. 1238-இல் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். அதனால் 1257-இல் வரி கேட்டு ஆட்கள் வந்ததும் மக்கள் கொதித்தார்கள். அலெக்சாண்டரின் மகனும் அங்கே ஆளுநருமான வசீலியே, மங்கோலியர் பக்கம் நின்ற தந்தைக்கு அஞ்சி பிஸ்கோவுக்கு ஓடிவிட்டான். தந்தை அவனை அங்கிருந்து துரத்தினார். அவனுக்குத் துர்ப்போதனை செய்ததாகச் சிலருக்கு மூக்கை அறுத்தார், சிலருக்குக் கண்ணைப் பிடுங்கினார். இதை எழுதிவைத்தது எதிரி நாட்டுக்காரர் அல்ல, நோவ்கோரோத்தின் சொந்த நாளாகமம்.

1259-இல் மங்கோலியர் மறுபடியும், வரிக்காகக் குடிக்கணக்கு எடுக்க வந்தார்கள். மக்கள் கொன்றுவிடுவார்களோ என்று நடுங்கிய கணக்காளர்கள் காவல் கேட்டார்கள். இளவரசர், ஊர்ப் பெரிய மனிதர்களின் பிள்ளைகளையே அவர்களுக்கு இரவுக் காவல் நிற்க வைத்தார்! பிறகு தெருத் தெருவாகக் குதிரையில் போய் வீடுகளை எழுதினார்கள். பிரபுக்கள் தங்கள் சுமையைக் குறைத்துக்கொண்டு ஏழைகள் தலையில் கட்டினார்கள் என்றும் அதே நாளாகமம் சொல்கிறது. ஊர் எரியாமல் காப்பாற்றினார் என்பார்கள். சரி, ஏற்கிறேன். அந்த ஏழைக்கு நியாயம் கேட்க அவர் ஏன் வரவில்லை?

1262-இல் சூஸ்தால், ரோஸ்தோவ் மக்கள் வரி வசூலிப்பவர்களை அடித்துத் துரத்தினார்கள். பழிவாங்கப் படை வராமலிருக்க மன்றாடுவதற்காக அலெக்சாண்டர் மீண்டும் கானிடம் போனார். திரும்பும் வழியில், 1263 நவம்பர் 14 அன்று, கொரதெத்ஸ் என்ற ஊரில் உயிர் பிரிந்தது. அந்தக் கடைசிப் பயணத்துக்காக மட்டும் அவரை வணங்குகிறேன்.