கோத்தகிரியில் அப்பாவுக்குத் திடீர்க் குழப்பம்: பதில்

ஐபாஸ்பமைட் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றிக்கொண்டு கோவையிலிருந்து திரும்பிய இரண்டாம் நாளே அப்பா கிழமை தெரியாமல் தடுமாறுகிறார், தம்பியின் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிடுகிறார் என்கிறீர்கள். பக்கத்து வீட்டார் சொல்வதுபோல் இதை வயசு, குளிர் என்று விட்டுவிடாதீர்கள். அந்த மருந்து மூளையைப் பாதிப்பது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. ஏற்றிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தொடங்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஆனால் அதுதான் காரணம் என்று நாமாக முடிவு கட்ட முடியாது. ரத்தத்தில் சோடியம் குறைந்தாலும், கால்சியம் கூடினாலும், சிறுநீரகம் சோர்ந்தாலும், கிருமித்தொற்று வந்தாலும் இதே குழப்பம் வரும். வலிக்கு மார்பின், வாந்திக்கு டெக்ஸாமெத்தசோன் கொடுத்திருந்தால் அவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. அதற்காக மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடுத்த வாரத் தேதி வரை காத்திருக்காமல் இப்போதே புற்றுநோய் டாக்டருக்குப் போன் போடுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐக் கூப்பிட்டு முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே போங்கள். மலைப்பாதையில் கோவை வரை அந்த நிலையில் காரில் கூட்டிப்போவது சரியில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். அரை மயக்கத்தில் இருந்தால் வாயில் காபி, கஞ்சி எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.