இன்வேர்ட்டர் பெட்டியில 50 ஹேர்ட்ஸ், 20 மில்லி செக்கன்: வாங்கேக்க எதைப் பாக்கிறது?

கேள்வி (சுன்னாகத்தில இருந்து ஒரு தங்கச்சி):

வீட்டோட சின்னதா ஒரு கொமியூனிகேசன் வச்சிருக்கிறன், போட்டோகொப்பி, டைப்பிங், பிள்ளையளுக்கு ஒன்லைன் அப்ளிகேசன் போட்டுக் குடுக்கிறது எண்டு ஓடுது. கரண்ட் அடிக்கடி நிக்குதெண்டு டவுனில ஒரு கடையில இன்வேர்ட்டர் வாங்கிப் பூட்டினனான். கரண்ட் போனா லைற்றும் ஃபானும் ஒண்டும் தெரியாம ஓடுது, கொம்பியூட்டர் மட்டும் டப்பெண்டு ஓஃப் ஆகித் திரும்ப ஓன் ஆகுது, அரைவாசி அடிச்ச அப்ளிகேசன் எல்லாம் போயிடும். பெட்டியில 50 ஹேர்ட்ஸ் எண்டும் மாறுற நேரம் 10 / 20 மில்லி செக்கன் எண்டும் போட்டுக் கிடக்கு. கடைக்காரரைக் கேட்டா "20 பெரிசு தானே, அது தான் நல்லம்" எண்டார். 50 ஹேர்ட்ஸ் எண்டா எத்தினை மில்லி செக்கன்? இன்வேர்ட்டர் பழுதோ?

பதில்:

தங்கச்சி, நீங்கள் சொல்லுறதைப் பாத்தா பழுதில்லை எண்டு தான் நினைக்கிறன், செட்டிங் பிழை. கடைக்காரர் சொன்னது தலைகீழ். மாறுற நேரம், அதாவது கரண்ட் போனாப் பற்றரிக்கு மாற எடுக்கிற நேரம், குறையக் குறையத் தான் நல்லம்.

முதல்ல கணக்கு. பள்ளிக்கூடத்தில மீடிறன், ஆவர்த்தன காலம் எண்டு படிச்சிருப்பியள், அது தான் இது. 50 ஹேர்ட்ஸ் எண்டா கரண்ட் ஒரு செக்கனுக்குள்ள 50 தரம் ஏறி இறங்கி ஒரு சுற்று முடிக்குது. ஒரு செக்கன் எண்டது 1000 மில்லி செக்கன், அதை 50 ஆல பிரிச்சா 20. ஆக ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன். ஒரு பாணை 50 துண்டா வெட்டுற மாதிரித் தான், துண்டு கூடக் கூட ஒவ்வொண்டும் மெல்லிசாகும், அதால 60 ஹேர்ட்ஸ் எண்டா ஒரு சுற்று 16.7 மில்லி செக்கன் தான். கனபேர் 50ஐ 1000 ஆல பிரிச்சு 0.05 எண்டு வச்சுக்கொண்டு குழம்புறவை. எப்பவும் 1000ஐத் தான் ஹேர்ட்ஸால பிரிக்கோணும்.

இப்ப உங்கட பெட்டிக்கு வாங்கோ. 20 மில்லி செக்கன் மாறுற நேரம் எண்டா கரண்ட் போய் பற்றரிக்கு மாறுறதுக்குள்ள ஒரு முழுச் சுற்று இல்லாமப் போகுது. 10 எண்டா அரைச் சுற்று. ஃபான் சுத்தின வேகத்திலயே அதைக் கடந்திடும், லைற் கண் சிமிட்டினதும் தெரியாது. கொம்பியூட்டர் அப்பிடியில்லை. அதின்ர பவர் சப்ளைக்குள்ள இருக்கிற கப்பாசிற்றர் தான் அந்த இடைவெளியில தாக்குப் பிடிக்குது, அதுவும் முழு லோட்ல ஒரு 16, 17 மில்லி செக்கன் எண்ட அளவுக்குத் தான் செய்யிறவை, பழசாப் போனா அதுகும் குறையும். 20ஐ எப்பிடித் தாங்கும்? 10 எண்டாத் தாங்கும்.

பெட்டியில ரெண்டு இலக்கம் கிடக்கிறதுக்குக் காரணம் ரெண்டு மோட் இருக்கிறது. யூபிஎஸ் மோட்ல (கொம்பியூட்டர் மாதிரிச் சாமானுக்கு) 10, அப்ளையன்ஸ் மோட்ல (லைற், ஃபான் மாதிரி வீட்டுச் சாமானுக்கு) 20, கனக்க இன்வேர்ட்டர் வரேக்க அப்ளையன்ஸ்ல தான் வரும், பூட்ட வாறவர் அதை மாத்தாமலே போயிடுவார். மனுவலை எடுத்து ஏசி இன்புட் வோல்ட்டேஜ் ரேஞ்ச் எண்ட இடத்தைப் பாருங்கோ, அதில யூபிஎஸ் எண்டு மாத்தி விட்டிட்டு, முக்கியமான வேலை ஒண்டும் திறந்திருக்காத நேரம் மெயின் சுவிச்சை நிப்பாட்டிப் பாருங்கோ.

ஒரு விசயம் மறைக்கக் கூடாது. அப்ளையன்ஸ் மோட் வழமையா 90 வோல்ற் வரைக்கும் இறங்கினாலும் லைன் கரண்டையே எடுக்கும், யூபிஎஸ் மோட் 170க்குக் கீழ போனாலே பற்றரிக்கு மாறிடும். லைன் முடிவில இருக்கிற வீடுகளுக்குப் பின்னேரத்தில வோல்ற்றேஜ் விழுறதெண்டா பற்றரி கூடுதலா வேலை செய்யும், அதின்ர ஆயுள் குறையும். அப்பிடியெண்டா இன்வேர்ட்டரை அப்பிடியே விட்டிட்டு கொம்பியூட்டருக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் (உள்ளுக்குப் பற்றரி உள்ள பெட்டி) ஒண்டு தனியப் போடுறது மலிவு. லப்டொப் வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தக் கவலையே இல்லை, உள்ளுக்கே பற்றரி கிடக்கு.

இனி வாங்கப் போற ஆக்கள் "மாறுற நேரம் எத்தினை மில்லி செக்கன், எந்த மோட்ல?" எண்டு கேட்டு அதைப் பில்லில எழுதுவிச்சு எடுங்கோ. வாய்ச்சொல்லை வச்சு பிறகு ஒண்டும் செய்யேலாது, பில்லில இருக்கிறது பிழையெண்டா பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சு முறையிடலாம்.

கேள்வி (நல்லூர்):

கனடாவில இருந்து பெரியம்மா கொண்டு வந்த மணிக்கூட்டு ரேடியோவுக்கு 110 வோல்ற் ஆக்கிற ட்ரான்ஸ்போமர் வாங்கிப் போட்டும், மணித்தியாலத்துக்கு 10 நிமிசம் பிந்துது. ட்ரான்ஸ்போமரை மாத்தவோ?

பதில்:

மாத்தாதேங்கோ, காசு வீண். ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத் தான் குறைக்கும், ஹேர்ட்ஸில கை வைக்காது. உங்கட மணிக்கூடு கரண்ட்டிர சுற்றை எண்ணித் தான் நேரம் பாக்குது, அங்கத்தைய கணக்கில 60 சுற்று ஒரு செக்கன். இஞ்ச ஒரு சுற்று 20 மில்லி செக்கன், அப்ப 60 சுற்றுக்கு 1200, அதாவது 1.2 செக்கன் போன பிறகு தான் அது ஒரு செக்கன் எண்டு நினைக்குது. 60 நிமிசம் போக 50 காட்டும். பின்னுக்கு 50 / 60 எண்டு சின்னச் சுவிச் இருந்தாத் தள்ளி விடுங்கோ, இல்லாட்டி ரேடியோவா மட்டும் பாவியுங்கோ.

மோட்டர் உள்ள சாமானுகளுக்கும் இது பொருந்தும், 60க்குச் செய்த சில மோட்டர் இஞ்ச ஆறில அஞ்சு பங்கு வேகத்தில தான் ஓடும், சூடும் கூட ஏறும். லேபிளில 100-240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் எண்டு கிடந்தா, போன் சார்ஜர், லப்டொப் சார்ஜர் மாதிரி, ட்ரான்ஸ்போமரே தேவையில்லை, பிளக் மாத்தினாக் காணும். அடுத்த முறை பெரியம்மா பெட்டி கட்ட முதல் போனில கூப்பிட்டு அந்த லேபிளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கோ.