நவம்பரில் வியட்நாம்: நடுக்கரையை விட்டுவிடுங்கள்

கேள்வி: நவம்பர் கடைசி வாரத்தில் அம்மாவுடன் ஒன்பது நாள் வியட்நாம் போகிறேன். ஹனோய், டா நாங், ஹோய் ஆன், சைகோன் என்று திட்டம். நமக்கு அப்போது மழைக்காலம், அங்கே எப்படி? அம்மா சுத்த சைவம். விசா, பணம் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஹனோயும் சைகோனும் சரி. நாட்டின் நடுக்கரையில் உள்ள டா நாங், ஹோய் ஆன் இரண்டையும் இந்த முறை எடுத்துவிடுங்கள்.

வியட்நாம் வடக்கு தெற்காகச் சுமார் 1,650 கி.மீ. நீளம். இடுப்புப் பகுதியில் ஓரிடத்தில் அகலம் 50 கி.மீ.தான். இவ்வளவு நீளமான நாட்டுக்கு ஒரே சீசன் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூரை நனைக்கும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அங்கேயும் அதே வேலைதான். தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிவந்து நடுக்கரையில் மோதும். பின்னால் ட்ருவோங் சோன் மலைத்தொடர் சுவராக நிற்பதால், மழை அங்கேயே கொட்டித் தீர்கிறது. அக்டோபர், நவம்பரில் து போன் ஆறு கரை மீறி ஹோய் ஆனின் பழைய கடைத்தெருவுக்குள் புகுவது ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதே வாரம் ஹனோயில் வானம் தெளிந்து, காலையில் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும். சைகோனில் மழை ஓய்ந்துவரும் நேரம்.

மிச்சமாகும் நாட்களை ஹனோய்க்குத் தெற்கே உள்ள நின் பின்னுக்கும் (சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவே படகுச் சவாரி) சைகோனிலிருந்து மெகாங் கழிமுகத்துக்கும் கொடுங்கள். ஹோய் ஆன் பார்த்தே தீர வேண்டுமென்றால், பயணத்தை பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரல் வரை தள்ளிப்போடுங்கள். சந்திர நாட்காட்டிப் புத்தாண்டான டெட் வரும் வாரத்தை மட்டும் தவிர்க்க வேண்டும். பாதிக் கடைகள் மூடியிருக்கும், ரயில் டிக்கெட்டும் கிடைக்காது. ஹனோய் – சைகோன் ரயில் பாதை 1,726 கி.மீ. ஓரிரவில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள், 30 மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அம்மாவை வைத்துக்கொண்டு விமானமே நல்லது.

சாப்பாட்டில் சறுக்குவது ‘நோ மீட்’ என்ற வார்த்தையில். கறித்துண்டை எடுத்துவிட்டு, மாட்டெலும்பு கொதித்த அதே சாற்றில் நூடுல்ஸைப் போட்டுத் தருவார்கள். வெறும் கீரை வதக்கலில்கூட நுவொக் மாம் என்ற மீன் சாறு விழுந்திருக்கும். அவர்கள் கணக்கில் அது மீன் இல்லை, உப்பு மாதிரி. நீங்கள் தேட வேண்டிய சொல் ‘சாய்’. நம் டீ இல்லை, புத்த மதத்தினரின் சைவச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். ‘காம் சாய்’ என்று பலகை வைத்த கடையில் சோறும் காய்கறியும் டோஃபுவும் கிடைக்கும். கறித்துண்டு போலவே தோன்றுவது பெரும்பாலும் சோயா, பதற வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியன்று பலர் விரதமிருப்பதால் அந்த நாட்களில் சைவம் எளிதாகக் கிடைக்கும். அந்தச் சொல்லை அவர்கள் எழுத்தில் (chay) போனில் சேமித்துக் காட்டுங்கள். நாம் உச்சரித்தால் சுரம் மாறி அர்த்தமும் மாறிவிடும்.

பணம் டாங். ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். கடைசி மூன்று சைபரை விட்டுவிட்டு மூன்றரையால் பெருக்கினால் ஏறக்குறைய ரூபாய்க் கணக்கு வந்துவிடும். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் நீல நிறம். இரண்டிலும் ஹோ சி மின் முகம்தான். இரவில் டாக்ஸிக்குள் 70 ரூபாய்க்குப் பதில் 1,700 ரூபாயை நீட்டிவிடுவது இப்படித்தான். பின்பக்கத்தைப் பாருங்கள். கூரை போட்ட பாலம் இருந்தால் 20,000, மரங்களுக்கு நடுவே வீடு இருந்தால் 5,00,000. பெரிய நோட்டைத் தனி உறையில் வைப்பது அதைவிட நிச்சயம்.

இ-விசா ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், 90 நாள் வரை செல்லும். மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. அரசுத் தளத்தின் முகவரி ‘.கவ்.விஎன்’ (.gov.vn) என்று முடியும்; அதே முகத்தோடு கூடுதல் காசு பிடுங்கும் தளங்கள் நிறைய. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. தகப்பனார் பெயரை அங்கே நீங்களாக நிரப்பாதீர்கள். பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்தில் பெயர் எப்படியோ, விசாவிலும் விமான டிக்கெட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். விசா வர வேலை நாள் கணக்கில் மூன்று நாள் என்றாலும், இரண்டு வாரம் முன்பே விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

சைகோனின் அதிகாரப்பூர்வப் பெயர் ஹோ சி மின் நகரம். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரிக்காரர்கள் பலர் அங்கே அரசு வேலை பார்த்தார்கள், அம்மாவுக்கே அந்தக் கதை தெரிந்திருக்கலாம். பென் தான் சந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில், ட்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. வியட்நாமியரே ஊதுபத்தியோடு வந்து கும்பிடுகிற கோயில். தெருவைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், அங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடும். கூட்டமாக ஸ்கூட்டர் வந்தால் ஓடவோ, நடுவில் நிற்கவோ, பின்வாங்கவோ கூடாது. ஒரே வேகத்தில் மெதுவாக நடந்தால் அவர்களே உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள். பஸ்ஸுக்கும் காருக்கும் மட்டும் நின்று வழிவிடுங்கள்.